எர்த்துக்குப் போட்ட உப்பு

தீ அலாரம் பேனல் செத்துப் போச்சு என்று யாராவது போன் பண்ணினால் நான் உடனே நம்ப மாட்டேன். பாதி இடங்களில் யாரோ ஸ்விட்சை அணைத்திருப்பார்கள். மீதி இடங்களில், அது கத்துகிறது என்று கோபப்பட்டு ஃபியூஸைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டிருப்பார்கள். எண்பதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஒரு சின்னக் கம்பெனியில் இந்தப் பேனல்களைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. எங்கே போனாலும் கேட்டில் நிற்கிறவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "இன்ஜினியர் வர்லீங்களா?" என்பார். "வந்தாச்சு, நான்தான்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போயிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அம்மா சொல்வாள். இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் வராது?

அந்தச் சனிக்கிழமை மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு ஆலைக்குப் போனேன். உப்பைக் கழுவி, உலர்த்தி, பாலிதீன் பையில் அடைக்கும் இடம். உப்பு எரியாது. ஆனால் பையும் சாக்கும் அட்டைப் பெட்டியும் நன்றாக எரியும், உலர்த்தும் அடுப்புக்கு எண்ணெய் வேறு டின் டின்னாக இருக்கும். இன்ஷூரன்ஸ்காரர்கள் பிடிவாதம் பிடித்துத்தான் அங்கே அலாரம் வைத்தார்கள். அனுமந்தையில் மீன் கூடைகள் இறங்கிய பிறகு பஸ்ஸில் கால் நீட்ட இடம் கிடைத்தது. நல்ல வெயில் காலம், உப்பு வாரும் நேரம். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று கண் கூசியது.

மேனேஜர் திண்டிவனம் பக்கத்துக்காரர். பொல்லாதவர் இல்லை, ஆனால் பதற்றக்காரர். நான் பையைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"திங்கக்கிழமை இன்ஷூரன்ஸ்லருந்து வர்றாங்கம்மா. அன்னிக்கு இந்தப் பொட்டி ஒழுங்கா எரியலைன்னா ரினியூவல் இல்லன்னு சொல்லிட்டாங்க. எங்க எலக்ட்ரீஷியன் பாய் கை வெக்காத எடமே இல்ல. அவராலதான் இது கெட்டுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், இன்னிக்கே அனுப்பிடுவேன்."

வந்தவுடன் என் கையில் ஒருவருடைய பிழைப்பைத் தூக்கிக் கொடுத்தால் எனக்குப் பிடிக்காது. "முதல்ல பேனலைப் பாக்கறேன் சார்" என்றேன்.

பாய் பேனலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் டெஸ்டர், அதற்குப் பக்கத்தில் பேனா. நோன்பு மாதம் என்பதால் உதடு காய்ந்திருந்தது. அவர் மட்டும் இன்ஜினியர் எங்கே என்று கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஒரு சாக்கையும் விரித்து, "ஏறுங்க மேடம், ஆடாது" என்றார். அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப் போனது.

பேனல் என்பது சுவரில் மாட்டிய ஓர் இரும்புப் பெட்டி. பச்சை விளக்கு எரிந்தால் கரண்ட் இருக்கிறது, மஞ்சள் எரிந்தால் எங்கோ கோளாறு, சிவப்பு எரிந்தால் ஓட வேண்டும். இங்கே ஒன்றும் எரியவில்லை. கதவைத் திறந்தேன். அடியில் இருந்த இரண்டு பாட்டரிகளின் முனைகளிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கரண்டை அளந்தால் பாவம், முக்கி முனகி வந்துகொண்டிருந்தது. பகல் முழுவதும் உப்பளத்து பம்ப் மோட்டார்கள் ஓடுகின்றன. அவை ஓடினால் லைனில் வோல்டேஜ் படுத்துவிடும். பேனல் பாட்டரியை நம்பி இருக்கும், பூத்துப்போன பாட்டரி எத்தனை நாளைக்குத் தாங்கும்? சோடா மாவு கலந்த வெந்நீரில் முனைகளைக் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவி, வேறு ஃபேஸிலிருந்து லைன் கொடுத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. இதில் பாயின் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பாய்க்கு அதைவிட சந்தோஷம். "மஞ்சள் எரியல பாத்தீங்களா மேடம்? முன்னல்லாம் எர்த் ஃபால்ட்டுன்னு எரிஞ்சிட்டே கெடக்கும். அத நானே சரி பண்ணிட்டேன். அன்னிக்கு எல்லாருக்கும் பிஸ்கெட் வாங்கிக் குடுத்தேன்."

"எப்படிச் சரி பண்ணீங்க?"

"இன்ஷா அல்லா, சாவகாசமா சொல்றேன்" என்று சிரித்தார்.

பேச்சுவாக்கில் தன்னைப் பற்றியும் சொன்னார். சவுதியில் ஆறு வருஷம் இருந்தவர். ஊருக்கு வந்தபோது சின்ன மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அம்மாவிடம், "யாரும்மா அந்த மாமா?" என்று கேட்டிருக்கிறாள். "அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் மேடம், இனிமே பாஸ்போர்ட்டைத் தொடக் கூடாதுன்னு. இந்த வேலை கெடச்சுது. இப்ப அந்தக் குட்டி என் மேலதான் காலைப் போட்டுக்கிட்டுத் தூங்குது." மேனேஜர் சொன்னது அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இதைச் சொல்கிறார் என்று புரிந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது.

மஞ்சள் விளக்கு எரியவில்லை என்பதற்காக வேலை முடிந்தது என்று நான் பையைத் தூக்குவதில்லை. கோளாறு வந்தால் விளக்கு எரியுமா என்று பார்க்க வேண்டும். அதற்கு வேண்டுமென்றே கோளாறு செய்வோம். அலாரம் ஒயர்கள் எதுவும் பூமியைத் தொடக் கூடாது. தொட்டால் அதுதான் எர்த் ஃபால்ட், உடனே மஞ்சள் எரிய வேண்டும். ஒரு ஒயரை எடுத்துப் பேனலின் இரும்பு உடம்பில் வைத்தேன். மஞ்சள் எரிந்தது. அதே ஒயரோடு நீளமாக ஒன்றைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போய், பேக்கிங் கொட்டகையின் இரும்புத் தூணில் வைத்தேன். தரையில் ஆழமாக ஊன்றிய தூண். பாயைப் பேனலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, "எரியுதா?" என்று கத்தினேன்.

"இல்ல மேடம்! சூப்பரா அணைஞ்சிருக்குது!"

தூண் பூமியில் நிற்கிறது. பேனலின் எர்த்தும் பூமியில் இருந்தால் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால் பேனலுக்கும் பூமிக்கும் தொடர்பே அறுந்துவிட்டது. திரும்பி வந்து டெஸ்டரைப் பேனலின் கதவில் வைத்தேன். டெஸ்டரின் உள்ளே மங்கலாகச் சிவந்தது. இரும்புக் கதவில் கரண்ட் நிற்கிறது.

அந்த நேரத்தில்தான் கேன்டீன் அக்கா டீ கொண்டுவந்தார். அந்த ஆலையில் என்னையும் பேக்கிங் பெண்களையும் தவிர இருந்த பெண் அவர்தான். கழுத்தில் மாதா சுரூபம், புடவை முழங்காலுக்கு மேல் ஈரம். டீயைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். ஆண்கள் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, நீ கரண்டு வேலைதான பாக்குற? எங்க கிரைண்டர்ல கை வெச்சா சுருக்சுருக்குன்னு கடிக்குது. எறும்பு மாதிரி. கால் ஈரமா இருந்தா தோள் வரைக்கும் இழுக்குது."

"பாய்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. ஈரக் கையில அப்படித்தான் இருக்கும், செருப்பு போட்டுக்குங்க, பயப்பட ஒண்ணுமில்லன்னாரு. மாவு தள்ளுற எடத்துல செருப்போட எப்படிம்மா நிக்கிறது? வெறுங்கால்லதான் நிக்கிறேன். மாதா காப்பாத்துறா."

நான் டீயைக் குடிக்கவில்லை. நேராகக் கேன்டீனுக்குப் போய் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி, அதை ஒயரிலிருந்து கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். "யார் கேட்டாலும் இன்னிக்கு அரைக்க முடியாதுன்னு சொல்லுங்க" என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊறவைத்த உளுந்தை மூடி வைத்தார்.

ஆலையில் இருக்கிற எல்லா மோட்டாரின் உடம்பும் பேனலின் உடம்பும் ஒரே எர்த் பட்டையில் கோத்திருக்கும். அந்தப் பட்டை சுவரோரமாகப் போய் ஒரு குழியில் இறங்கும். எங்கேயாவது கரண்ட் கசிந்தால் அந்த வழியாகப் பூமிக்குள் போய்விடும். வழி அறுந்தால், ஒரு மோட்டாரில் கசிவது எல்லா இரும்பிலும் வந்து நின்றுகொள்ளும். யாராவது வெறுங்காலோடு வந்து தொடும்வரை காத்துக்கொண்டிருக்கும்.

"எர்த் குழி எங்க பாய்?"

"வாங்க மேடம், காட்டுறேன்." கோயில் குளத்தைக் காட்டப் போகிறவர் மாதிரி பெருமையாக முன்னால் நடந்தார்.

குழிக்கு சிமென்ட் மூடி போட்டு, சுற்றிலும் செங்கல் வைத்து, சுண்ணாம்பும் அடித்திருந்தார். மூடியைத் தூக்கினால் உள்ளே வெள்ளையாக உப்பு, கழுத்து வரைக்கும். மேலே உப்பளத்துத் தண்ணீர் தளும்பியது. பாய் கதையைச் சொன்னார். மஞ்சள் விளக்கு முதலில் எரிந்தபோது மெட்ராஸில் பேனல் விற்ற ஆபீஸுக்கு போன் போட்டிருக்கிறார்கள். எடுத்தவர் யாரோ, "எர்த் ஃபால்ட்டுங்க, எர்த்தைப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பாய் எர்த்தைப் பார்த்தார். எர்த்தில் ஃபால்ட் என்றால் எர்த்துக்கு உடம்பு சரியில்லை என்றுதானே அர்த்தம்? சவுதியில் எர்த்துக்கு என்ன வைத்தியம் செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"உப்பும் தண்ணியும் மேடம். இங்க உப்புக்கா பஞ்சம்? ஒரு கூடை போட்டேன். விளக்கு இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு எரிஞ்சுது. பத்தலன்னு இன்னும் போட்டேன். விடியக்காலை பஜ்ரு தொழுதுட்டு வந்து தெனம் ஒரு பக்கெட் உப்பளத்துத் தண்ணி ஊத்துவேன். அல்லாகிட்ட துவாவும் கேப்பேன். ஒருநாள் காலையில வந்து பாக்குறேன், விளக்கு அணைஞ்சு போச்சு!"

நான் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, பட்டையைப் பிடித்து லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. நமுத்த அப்பளம் மாதிரி பழுப்பும் பொடியுமாக உதிர்ந்தது. அடியில் இருந்த குழாயும் அப்படித்தான். உப்பு முழுவதையும் தின்றுவிட்டிருந்தது.

பாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் கத்தித்தான் சொன்னேன். எர்த் ஃபால்ட் என்றால் எர்த்தில் கோளாறு இல்லை. எங்கோ ஒரு ஒயர் எர்த்தைத் தொடுகிறது என்று அர்த்தம். எர்த் நன்றாக இருந்தால்தான் பேனலால் அதைச் சொல்லவே முடியும். நீங்கள் எர்த்தைக் கவனிக்கக் கவனிக்க அது பளிச்சென்று சொல்லிற்று. கடைசியில் எர்த்தே அறுந்தது, பேனல் ஊமையாகிவிட்டது. விளக்கு அணைந்தது நல்ல சேதி இல்லை பாய். இந்த மண்ணுக்கு யாராவது உப்பு போடுவார்களா? தோண்டினால் உப்புத் தண்ணீர் வருகிற ஊர் இது!

கடைசி வார்த்தையைச் சொல்லும்போதே நிறுத்திக்கொண்டேன். அவர் முகம் அப்படி ஆகிவிட்டது.

"கிரைண்டர்..." என்றார்.

"ஆமா."

அவர் செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சவுதில மணல் காஞ்சு கெடக்கும் மேடம். அங்க எர்த் நிக்கணும்னா உப்பு போட்டு தண்ணி ஊத்தணும். டேங்கர்ல தண்ணி கொண்டுபோய்க் குழி குழியா ஊத்துறதுதான் என் வேலை. ஆறு வருஷமும் அதான் பண்ணேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. எலக்ட்ரிக் கம்பெனில இருந்தேன்னு சொன்னதும் இவங்களே எலக்ட்ரீஷியன்னு எடுத்துக்கிட்டாங்க. நான் இல்லன்னு சொல்லல."

பொய் சொல்லி வேலை வாங்கியவர் மேல் எனக்கு இன்னும் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாலைவனத்தில் அவர் செய்தது முழுக்க முழுக்கச் சரி. அந்தச் சரியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து உப்பளத்தில் போட்டுவிட்டார். தினமும் விடியற்காலையில் ஒரு பக்கெட்டைச் சுமந்து, துவா செய்து, தானாகவே கூடுதல் வேலை செய்து, ஒரு பெண்ணின் உயிருக்கு உலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரை நினைத்தால் எனக்கு அழுகைதான் வந்தது.

அழ நேரமில்லை. மெயினை அணைக்கச் சொன்னேன். ஸ்டோரிலிருந்து புதுக் குழாயும் பட்டையும் எடுத்து, பழைய குழியிலிருந்து தள்ளி வேறு இடத்தில் அடித்து இறக்கினோம். சம்மட்டி பிடித்தது பாய்தான். நோன்போடு அந்த வெயிலில் வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு பேர் மாற்றிவிட வந்தும் கொடுக்கவில்லை. குழாய் இறங்கியதும் உள்ளே ஈரம் தெரிந்தது. ஒரு பிடி உப்புக்கூடத் தேவைப்படவில்லை.

எர்த்தை இணைத்து மெயினைப் போட்டதும் மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ உயிர் வந்தது. பேனலுக்கு வாய் திரும்பிவிட்டதே. பிறகு ஒவ்வொரு பகுதியின் ஒயராகக் கழற்றிப் பார்த்தேன். பேக்கிங் கொட்டகை ஒயரைக் கழற்றியதும் விளக்கு அணைந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். தூணில் திருகியிருந்த ஓர் இரும்புப் பெட்டிக்குள், ஒயர்கள் சேரும் இடத்தில், உப்புத்தூள் பனியில் நனைந்து பாலம் போட்டிருந்தது. மாதக்கணக்கில் பேனல் சொல்ல வந்தது இவ்வளவுதான். துடைத்து, உலர்த்தி, பெட்டியின் வாயை நன்றாக அடைத்தேன். மஞ்சள் அணைந்தது. தூணில் ஒயரை வைத்தால் எரிந்தது, எடுத்தால் அணைந்தது. கிரைண்டருக்கு பிளக்கைத் திரும்ப மாட்டி, டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் சிவக்கவில்லை.

மேனேஜர் கேட்டார். "எர்த் பட்டை ஏம்மா அப்படி ஆச்சு?"

பஸ் ஏறுவதற்கு முன் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதை ஏற்கெனவே தயாராக வைத்திருந்தேன். "உப்பு அரிச்சிடுச்சு சார்."

பொய்யில்லை. அந்த ஊரில் யாரும் அதற்கு மேல் கேட்கவும் மாட்டார்கள். மேனேஜர் தலையாட்டினார். "இந்தக் காத்து எதை விட்டு வெச்சுது? போன வருஷம் வாங்குன சைக்கிளே போச்சு." அவர் முகத்தில் நிம்மதி. பேனல் சரியாகிவிட்டது, திங்கட்கிழமை தப்பித்தது, பாயின் வேலையும் தப்பித்தது. நான் பாயைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், சும்மா இருங்கள் என்று.

பாய் சும்மா இருக்கவில்லை. வாசலில் கேன்டீன் அக்கா டம்ளர்களை எடுக்க வந்து நின்றிருந்தார். பாய் அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு மேனேஜரிடம் திரும்பினார்.

"காத்து உப்பு இல்ல சார். நான் போட்ட உப்பு."

எல்லாவற்றையும் சொன்னார். கூடைக் கணக்கில் உப்பு போட்டது, தெரியாமல் செய்தது, தான் எலக்ட்ரீஷியனே இல்லை என்பது, எல்லாம். "இந்தம்மா கிரைண்டர் கடிக்குதுன்னு சொன்னாங்க. பயமில்லன்னு நான்தான் சொன்னேன். தெரிஞ்ச மாதிரி சொன்னேன் சார். நாளைக்கு வேற யாராவது வந்து என்கிட்ட கேப்பாங்க. நான் மறுபடி தெரிஞ்ச மாதிரிதான் சொல்லுவேன். நோன்பு வெச்சுக்கிட்டு இத மறைக்க முடியல."

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு உசிரு போயிருந்தா பாய்?" என்று மட்டும் கேட்டார். குரல் உயரவே இல்லை. பிறகு, "எலக்ட்ரிக் ரூம் சாவிய வெச்சிட்டுப் போங்க" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். அன்றைக்கும் எனக்கு அது தெரியும். ஆனாலும் மேனேஜர் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. பாய் சாவியை மேசையில் வைத்தார். டெஸ்டரை பாக்கெட்டிலிருந்து எடுத்து, அது ஆலையுடையது என்று அதையும் பக்கத்தில் வைத்தார். அழவில்லை. கை மட்டும் சட்டைப் பாக்கெட்டை இரண்டு தடவை தடவிற்று.

பஸ்ஸுக்காக நான் கேட்டில் நின்றேன். அவரும் அங்கேதான் வேப்ப மரத்தடியில் கைக்குட்டையை விரித்து, இரண்டு பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நோன்பு திறக்கும் நேரம், மரக்காணத்துப் பள்ளிவாசல் பாங்கு காற்றில் வந்தது.

"வீட்ல என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பாஸ்போர்ட் எங்கன்னு கேப்பேன்" என்றார்.

அப்போது கேன்டீன் அக்கா வந்தார். ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, இன்னொரு கையில் தட்டில் சுடச்சுட வடை. பாய்க்கு முன்னால் தட்டை வைத்தார். முழங்கை வரைக்கும் மாவு ஒட்டியிருந்தது. பாதத்திலிருந்து தண்ணீர் சொட்டியது, செருப்பு இல்லை.

"இப்பத்தான் அரைச்சேன் பாய்" என்றார். "ஈரக் கைதான். வெறுங்கால்தான். ஒண்ணுமே கடிக்கல."

சாவியை வைத்தபோது அழாத மனிதர், சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்க முடியாமல் அழுதார். அக்கா பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "மொதல்ல தண்ணி குடி பாய்" என்றார். "காலையிலருந்து வெறும் வயிறு."